ஒட்டாத எலும்பும் ஈரமான பூட்ஸும்

தோகுஜியைப் பார்த்து யாராவது வணக்கம் சொன்னால், இவன் எதற்கு இன்றைக்கு வணக்கம் சொல்கிறான் என்று அரைமணி நேரம் யோசிப்பார். பிறவி அப்படி. ஜப்பானின் வடக்கே அகிதா மலைப்பக்கத்துச் சின்ன ரயில் நிலையத்தில், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை வாயிலில் நின்று டிக்கெட்டுக்குத் துளை போட்டவர். டிக்கெட்டை நீட்டினால் டிக்கெட்டைப் பார்க்க மாட்டார், நீட்டுகிற கையைப் பார்ப்பார். கை தயங்கினால் ஆள் காசு கொடுத்ததைவிடக் கூடுதல் தூரம் வந்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிடுவார். அவர் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் தெருவில் வைத்துவிட்டார்.

மனைவி கினு இந்த மனிதரோடு எப்படிக் குப்பை கொட்டினாள் என்று ஊரே ஆச்சரியப்படும். கல்யாணமான புதிதில் மீன்காரன் ஒரு ஹதஹதா மீனைக் கூடுதலாகப் போட்டுவிட்டான். "சும்மா எதுக்குப் போடுறான்? கெட்டுப்போனதா இருக்கும்" என்று தோகுஜி அந்த மீனைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மீன்காரன் தலையில் அடித்துக்கொண்டான். கினு சிரித்தாள். அன்றைக்கு ஆரம்பித்த சிரிப்புதான். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அவள் என்றைக்கோ பிறந்த வீட்டுக்கு ரயில் ஏறியிருப்பாள்.

அவளுக்கு முதுகு போனது இலையுதிர்காலக் கடைசியில். விழவில்லை, இடித்துக்கொள்ளவில்லை. முள்ளங்கி ஊறுகாய்ப் பீப்பாயின் மூடிமேல் அழுத்தத்துக்கு வைத்திருந்த கல்லைக் குனிந்து தூக்கினாள், அவ்வளவுதான். உள்ளே ஏதோ நொறுங்கிய மாதிரி இருந்தது என்றாள். ஆஸ்பத்திரியில், எலும்பு தேய்ந்து பொரியாகிப் போயிருந்ததால் முதுகெலும்புக் கட்டை ஒன்று நசுங்கிவிட்டது என்றார்கள். மார்பிலிருந்து இடுப்புவரை அளவெடுத்து, கெட்டியான பெல்ட் ஒன்று செய்து மாட்டினார்கள். எழுந்தால் பெல்ட் இல்லாமல் எழக்கூடாது, குனியக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது, இரண்டு மூன்று மாதத்தில் ஒட்டிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"கல்லைத் தூக்குனதுக்கா எலும்பு உடையும்? நல்லா விசாரிச்சியா?" என்றார் தோகுஜி.

"யாரை விசாரிக்கணும்? கல்லையா?" என்றாள் கினு.

அதற்குள் பனி வந்துவிட்டது. அந்தப் பக்கத்துப் பனியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விடிவதற்கு முன்னால் நகராட்சி வண்டி வந்து தெருவை வழித்துவிட்டுப் போகும். வழித்ததை எல்லாம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கரையாகக் குவித்துவிட்டுப் போகும். தெருவோரத்தில் இரும்பு மூடி போட்ட வாய்க்கால் உண்டு. காலையில் அந்தத் தெருவின் முறை வந்ததும் தண்ணீர் விடுவார்கள். அது ஓடுகிற நேரத்துக்குள் மூடியைத் தூக்கி, வாசல் பனியைத் தள்ளிக்கொண்டு போய் அதில் கவிழ்த்துவிட வேண்டும். விட்டால் பகலில் மிதிபட்டு, இரவில் இறுகி, மறுநாள் கடப்பாறைக்கும் அசையாது. அது மட்டுமா? வாசல் அள்ளாத வீடென்றால் உள்ளே ஆள் கிடையில் விழுந்துவிட்டதாகத் தெரு முழுக்கப் பேச்சாகிவிடும்.

தோகுஜி அள்ள முடியாது. போன வருஷம் நெஞ்சடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். குளிரில் பனி அள்ளுகிற கிழவர்கள் மண்வெட்டியோடு மாரைப் பிடித்துக்கொண்டு சாய்வது ஊரில் வருஷா வருஷம் நடப்பதுதான். "பனி தள்ளுற கைவண்டியைத் தொட்டீங்கன்னா நேரா சுடுகாடுதான்" என்று இருதய டாக்டர் சொல்லியிருந்தார். அந்த டாக்டர் மேலும் இவருக்குச் சந்தேகம்தான். ஆனால் உயிர்ப் பயம் என்று ஒன்று இருக்கிறதே, அதனால் அதை மட்டும் நம்பினார்.

கினு படுத்ததும் பக்கத்து வீட்டு ஓனோதேரா தானாக வந்து அள்ள ஆரம்பித்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், தோகுஜியைவிடச் சில வயது சின்னவர். தன் வாசலை முடித்ததும் அப்படியே வண்டியைத் தள்ளிக்கொண்டு இவர்கள் வாசலுக்கும் வந்துவிடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். முதல் வாரம் தோகுஜி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

"இவன் எதுக்கு நம்ம பனியை அள்ளுறான்?"

"மனுசத்தன்மைங்க. அக்கம்பக்கம்னா அப்படித்தான்."

"மனுசத்தன்மையாம்! எல்லைக்கல் எங்க இருக்குன்னு கோடையில என்கிட்ட கேட்டான், தெரியுமா உனக்கு? இன்னைக்கு பனியை அள்ளுவான், நாளைக்கு புல்லை வெட்டுவான், அப்புறம் நான் பராமரிச்ச நிலம், எனக்கும் பாத்தியதை உண்டுன்னு வந்து நிப்பான்."

"அவர் வேலி போடறதுக்குக் கேட்டாருங்க. உங்ககிட்ட சொல்லிட்டுப் போடணுமேன்னு கேட்டாரு. அதுவும் குத்தமா?"

தோகுஜி கேட்கவில்லை. மறுநாள் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போய், நடுத்தெருவில் நாலு பேர் பார்க்க, ஓனோதேராவின் வண்டிக்கு முன்னால் நின்றார்.

"என்ன உள்நோக்கத்துல இதைப் பண்றே? நேரா சொல்லிடு."

ஓனோதேராவின் முகத்தில் ஈயாடவில்லை. "உள்நோக்கமா? அக்கா படுத்திருக்காங்களேன்னுதான் அண்ணே..."

"என் வீட்டு வாசலை நான் பாத்துக்குவேன். எனக்கு கை இருக்கு. இனிமே எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரு அடி வராதே."

ஓனோதேரா தொப்பியைக் கழற்றித் தலை குனிந்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். உள்ளே கினுவுக்கு எல்லாம் கேட்டது. அன்றைக்கு முழுக்க அவள் சிரிக்கவில்லை. அந்த ஆளுக்காக வருத்தப்படுகிறாள் என்று தோகுஜி அதையும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

இங்கேதான் வேடிக்கை. தோகுஜிக்குத் தினமும் முதல் பஸ் பிடித்துப் பொதுக் குளியல் வீட்டுக்குப் போகிற வழக்கம். வெந்நீர் ஊற்றில் கழுத்துவரை கிடந்து, அங்கே வருகிற கிழவர்கள் பேசுவதில் எது பொய் என்று கண்டுபிடித்துவிட்டு, கொதிக்கிற முகத்தோடு காலைச் சாப்பாட்டுக்குத் திரும்புவார். ஓனோதேராவை விரட்டியதற்கு மறுநாளும் போய்விட்டு வந்தார். வந்து பார்த்தால் வாசல் பளிச்சென்று இருக்கிறது. கரை இல்லை. வாய்க்கால் மூடி ஒழுங்காக மூடியிருக்கிறது.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

"திருட்டுப் பய! நான் இல்லாத நேரமாப் பாத்து வர்றான்" என்று பல்லைக் கடித்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வாசல் சுத்தமாக இருந்ததில் அவர் நெஞ்சுக்கூடு கொஞ்சம் தளர்ந்தது. 'எனக்கு கை இருக்கு' என்று தெருவில் முழங்கியாயிற்றே, நாளைக்கு அவன் அள்ளாமல் விட்டால் நான் அல்லவா வண்டியைத் தொட வேண்டும் என்ற பயம் அடியில் இருந்தது. அதனால் திட்டிக்கொண்டே குளிக்கப் போனார். திட்டிக்கொண்டே திரும்பி வந்தார். ஒருநாள்கூட வீட்டில் இருந்து பார்க்கவில்லை.

தடயம் மட்டும் பார்த்தார். வாசலோரம் பூட்ஸ் தடம் பதிந்திருந்தது. பெரிய ஆம்பளைத் தடம். குனிந்து பார்த்தார். அடியில் அலை அலையாக வரி. தன் நீள பூட்ஸிலும் அதே வரி. 'நான் வாங்குன கடையிலேயே வாங்கியிருக்கான், என்னைப் பாத்தே வாங்கியிருக்கான்' என்று முடிவு செய்தார். பிறகு ஒருநாள் வீட்டு வாசற்படிக்குள் வைத்திருந்த அவருடைய நீள பூட்ஸே ஈரமாக இருந்தது. குளிக்கப் போகும்போது அவர் குட்டை பூட்ஸ்தான் போடுவார்.

"கினு! என் பூட்ஸ் ஏன் நனைஞ்சிருக்கு?"

கினு கோதத்சுவுக்குள், அடியில் கணப்பு வைத்து மேலே மெத்தை போர்த்திய அந்தத் தாழ்ந்த மேசைக்குள், கழுத்துவரை போர்த்திக்கொண்டிருந்தாள். "கூரைப்பனி உருகி சொட்டுதோ என்னமோ" என்றாள். அவரைப் பார்க்காமல் சொன்னாள்.

தோகுஜிக்கு மூக்கில் வியர்த்தது. பதில் சொல்லும்போது தயங்குகிற ஆளை அவருக்கா தெரியாது! ஆனால் அந்த யோசனையை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் பாருங்கள். 'அந்தப் பய வீட்டுக்குள்ள வந்து என் பூட்ஸையே மாட்டிக்கிட்டு அள்ளுறான். இவ கதவைத் திறந்து விடுறா.' அன்றிலிருந்து, தான் இல்லாதபோது யாராவது வந்து குடித்தார்களா என்று தேநீர்க் கோப்பைகளை எண்ண ஆரம்பித்தார். கினு ஓனோதேராவுக்கு வருஷா வருஷம் கொடுத்துவந்த புகையில் வாட்டிய முள்ளங்கி ஊறுகாய்கூட அவருக்கு இப்போது வேறு நிறத்தில் தெரிந்தது. எழுபது தாண்டிய மனிதருக்கு வருகிற புத்தியா இது!

புது வருஷம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எலும்பு டாக்டர் கமாதா சின்ன வயதுப் பெண். இரண்டு எக்ஸ்ரே படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது அம்மா படுத்திருக்கும்போது எடுத்தது. உடைஞ்ச கட்டைக்குள்ள கறுப்பா ஒரு விரிசல் தெரியுது பாருங்க. இது உக்காந்திருக்கும்போது எடுத்தது. விரிசல் மூடிக்குது. படுத்தா திறக்குது, எழுந்தா மூடுது. இப்படி ஆடிக்கிட்டே இருக்கிற எலும்பு ஒட்டாது."

"ரெண்டு மூணு மாசத்துல ஒட்டும்னு சொன்னீங்களே" என்றார் தோகுஜி.

"பலருக்கு ஒட்டிடும். சிலருக்கு ஒட்டாது. அம்மாவுக்கு ஆரம்பத்துலயே சிலது சரியில்ல. உடைஞ்ச இடம் மேல் முதுகும் இடுப்பும் சேர்ற இடம், அசைவெல்லாம் அங்கதான். கட்டையோட பின் சுவரும் உடைஞ்சிருக்கு. மூட்டுவாதத்துக்கு வருஷக்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறாங்க, அது எலும்பை அரிச்சிடும். உடம்புல சதையும் இல்ல, இந்த ஊர்க் குளிர்காலத்துல வெயிலும் படறதில்ல."

"அந்த மாத்திரையைக் குடுத்ததே உங்க ஆளுங்கதானே?"

"குடுக்காம இருந்தா கையைக் காலை மடக்க முடிஞ்சிருக்காது ஐயா. அதெல்லாம் நம்ம கையில இல்லாதது. நம்ம கையில இருக்கிறது ஒண்ணுதான்." டாக்டர் நாற்காலியைக் கினு பக்கம் திருப்பினாள். "அம்மா, உண்மையைச் சொல்லுங்க. பெல்ட்டைக் கழட்டுறீங்களா? குனிஞ்சு ஏதாவது தூக்குறீங்களா?"

"இல்லையே" என்றாள் கினு.

"இதே மாதிரி போனா உடைஞ்ச துண்டு பின்னால தள்ளி நரம்பை அழுத்தும். கால் செத்துப்போகும். அப்புறம் கழிப்பறைக்குக்கூட ஆள் தூக்கிட்டுப் போகணும். இன்னும் கொஞ்ச நாள் தர்றேன். அதுக்குள்ள அடங்கலைன்னா ஆபரேஷன், அதுவும் இந்த எலும்புல ஆணி பிடிக்குமான்னு எனக்கே நிச்சயமில்ல."

பஸ்ஸில் திரும்பும்போது தோகுஜி டாக்டரைக் கரித்துக் கொட்டிக்கொண்டே வந்தார். பெல்ட் செய்தவன் அளவைத் தப்பாக எடுத்திருப்பான், மாத்திரைக் கம்பெனிக்காரன் மாவைக் கலந்திருப்பான், எக்ஸ்ரே வேறு யாருடையதோ. கினு கண்ணாடிக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாலைக் குழியில் பஸ் தூக்கிப் போட்டபோது அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தோகுஜி பேச்சை நிறுத்தினார். அவள் கை இருக்கை விளிம்பைப் பிடித்திருந்தது, விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. கையைப் பார்த்துப் பழகிய மனிதர் அல்லவா. அவருக்கு அப்போது நிஜமாகவே பயம் வந்தது. இவளுக்குக் கால் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்றுதான் முதலில் நினைத்தார். இவள் என்ன ஆவாள் என்று கொஞ்சம் தாமதமாக நினைத்தார்.

பயம் வந்ததும் சந்தேகத்துக்குக் கொம்பு முளைத்தது. ஏதோ நடக்கிறது. என் கண் மறைவில் நடக்கிறது. அதைக் கையும் களவுமாகப் பிடித்தே தீர வேண்டும்.

மறுநாள் காலை வழக்கம்போலத் துண்டையும் சோப்புக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு, "போயிட்டு வர்றேன்" என்றார். "பாத்துப் போங்க, வழுக்கும்" என்றாள் கினு. வீட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கான பலகைக் கூண்டு இருந்தது. பஸ் வந்தது. தோகுஜி ஏறவில்லை. ஓட்டுநர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். கூண்டின் கண்ணாடியில் ஒட்டிய பனியை விரலால் துடைத்து, ஒரு கண் அளவுக்கு ஓட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

நல்ல வெளிச்சம் வந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் விடுகிற சத்தம் கேட்டது. கதவுகள் திறந்தன. ஓனோதேரா வண்டியோடு வெளியே வந்தார். 'வா மகனே வா' என்றார் தோகுஜி மனதுக்குள்.

ஓனோதேரா தன் வாசலை அள்ளினார். கோடுவரை வந்தார். கோட்டில் நின்றார். கோட்டை ஒட்டி, கத்தியால் வெட்டின மாதிரி நேராக முடித்தார். பிறகு இவர்கள் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டே சும்மா நின்றார். தோகுஜிக்கு சப்பென்று போயிற்று.

அப்போது கதவு திறந்து, வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆள் வெளியே வந்தான்.

தோகுஜிக்கு ஸ்டென்ட் வைத்த நெஞ்சு ஒரு தடவை குதித்தது. என் வீட்டுக்குள்ளிருந்து! என் ரயில்வே கோட்டைப் போட்டுக்கொண்டு! என் பூட்ஸ்! காதுவரை இழுத்துவிட்ட என் தொப்பி! அந்த ஆள் சுவரில் சாய்த்திருந்த பனி வண்டியை எடுத்தான். தகரத் தட்டும் வளைந்த கைப்பிடியுமாக, வீட்டில் ஆம்பளை இல்லாவிட்டாலும் பொம்பளையே தள்ளிவிடலாம் என்று ஊரில் 'அம்மா வண்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அதேதான். தட்டைப் பனிக்கரையில் குத்தினான். கைப்பிடியை அழுத்த முழு உடம்பையும் அதன்மேல் மடக்கிப் போட்டான். அப்படியே நின்றான். ஒரு கை மெதுவாகப் பின்னால் போய் இடுப்புக்கு மேலே அழுத்திக்கொண்டது.

அந்தக் கையைத் தோகுஜிக்குத் தெரியும்.

"அக்கா, போதும் அக்கா! நான் வந்து அள்ளிடறேன்" என்று கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓனோதேரா கெஞ்சினார்.

"வேணாம் தம்பி. உன் தடத்தைப் பாத்தா அந்த மனுசன் தெருவுல நின்னு கத்துவாரு. உனக்கும் அவமானம், அவர் நெஞ்சுக்கும் ஆகாது."

"மூடியையாவது தூக்கிக் குடுக்கிறேனே?"

"நேத்து தூக்கிட்டேன், இன்னைக்கும் தூக்கிடுவேன். கோட்டுக்கு அந்தப் பக்கமே நில்லு."

கினு குனிந்து இரும்பு மூடியின் வளையத்தில் விரலை மாட்டினாள். போட்டிருந்த ரயில்வே கோட்டுக்கு உள்ளே பெல்ட் இல்லை. பெல்ட் போட்டால் எப்படிக் குனிய முடியும்?

தோகுஜி எப்படித் தெருவைத் தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. சோப்புக் கிண்ணம் வழியில் விழுந்து உருண்டது. "விடு! விடுடீ அதை!" என்று கத்தினார்.

கினு நிமிர முடியாமல் அப்படியே கழுத்தை மட்டும் திருப்பினாள். "குளிக்கப் போகலையா நீங்க?"

"உனக்கு என்ன பைத்தியமா? டாக்டர்கிட்ட இல்லவே இல்லைன்னு சொன்னியே! கால் செத்துப்போகும்னு அவ சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"அப்புறம்?"

"அள்ளாம விட்டா நீங்க வண்டியைத் தொடுவீங்க. தெருவுல நாலு பேர் முன்னாடி எனக்கு கை இருக்குன்னு சொல்லிட்டீங்க. சொன்னதை விட்டுக் குடுக்கிற ஆளா நீங்க? எனக்கு எலும்புதான் ஒட்டல. உங்களுக்கு நெஞ்சு நின்னா எதை வச்சு ஒட்டுறது?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இத்தனை வருசமா ஊரையே சந்தேகப்பட்டீங்களே. ஒருநாளாவது, இவ அள்ளுறாளோன்னு என்னைச் சந்தேகப்படக்கூடாதா?"

தோகுஜி அவள் விரலை வளையத்திலிருந்து எடுத்துவிட்டார்.  வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அவளைத் தோளோடு அணைத்து, ஒவ்வோர் அடியாக உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தார். பெல்ட்டைக் கொண்டுவந்து, ஒரு பக்கமாகப் புரட்டி, பட்டைகளை இறுக்கினார். எந்தப் பட்டை எங்கே போகும் என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை நாளில் ஒருதடவைகூட அவர் அதைத் தொட்டதில்லை.

பிறகு வெளியே வந்தார். தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஓனோதேரா கோட்டுக்கு அந்தப் பக்கம் அப்படியே நின்றார். தெருவில் மற்றவர்களும் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தோகுஜி கோடுவரை போய், தொப்பியைக் கழற்றி, முட்டி வலிக்க வலிக்கக் குனிந்து வணங்கினார்.

"என் வாசலை அள்ளித் தரணும்" என்றார்.

 ஓனோதேரா கண்ணைச் சுருக்கித் தோகுஜியின் கையைப் பார்த்தார். "எதுக்குண்ணே? நான் அள்ளுவேன், நாளைக்கு நிலத்தைத் திருட வந்தான்னு போலீசைக் கூட்டிட்டு வருவீங்க. இதுல என்ன உள்நோக்கம்? நேரா சொல்லிடுங்க."

தன் கேள்வி தன்னிடமே வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று தோகுஜிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தலையை நிமிர்த்தாமலே பேசினார். "உள்நோக்கம் ஒண்ணும் இல்ல தம்பி. அவ எலும்பு ஒட்டணும். ஒட்டாததுக்கு டாக்டர் என்னென்னவோ காரணம் சொன்னா. அதுல ஒண்ணு நான்."

ஓனோதேரா வாய்க்காலைப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார். "நகருங்க அண்ணே. தண்ணி நின்னுடும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளினார்.

எலும்பு ஒட்டியதா என்றால், ஒட்டியது. அவ்வளவு நாள் ஆடிவிட்ட எலும்பு நேராக ஒட்டுமா? பனி முழுக்க உருகிய பிறகுதான் படத்தில் அந்தக் கறுப்பு விரிசல் அடங்கியது. கால் பிழைத்தது. ஆனால் கினு முன்பக்கமாக வளைந்துவிட்டாள். நிமிர்ந்து தோகுஜியின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கேயாவது சாய்ந்துகொண்டுதான் பார்க்க முடியும். அவளோடு பேச வேண்டுமென்றால் தோகுஜி கீழே உட்கார்ந்துகொள்வார்.

தோகுஜி திருந்திவிட்டாரா? அதெல்லாம் இல்லை. அடுத்த குளிர்காலத்தில் குளியல் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் நீள பூட்ஸுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். திரும்பி வந்ததும் மறுபடி தடவிப் பார்ப்பார்.

"என்னையே சந்தேகப்படுறீங்களா?" என்பாள் கினு.

"ஆமா" என்பார். பூட்ஸ் காய்ந்திருக்கும்.